விசிலடித்த பெட்டி

"கேக்குதா?" என்றார் முதலாளி.

கணக்கருக்குக் கேட்கத்தான் செய்தது. முதலாளி குனிந்து புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்ததுமே 'கீ' என்று ஒரு விசில்.

கணக்கர் குனிந்தார். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"இப்ப இல்லையே சார்."

முதலாளி மறுபடி குனிந்தார். கீ.

அந்த லாரி புக்கிங் ஆபீஸில் மேஜைக்குக் கீழே முழங்காலை இடித்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிபன் டப்பா அளவில் சின்னப் பெட்டிகளாக வாங்கலாம் என்று யோசனை சொன்னவரே கணக்கர்தான். "இதுல ஃபேனே கிடையாது சார். மூச்சு விடற சத்தம்கூட வராது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். மேனேஜர் நாற்காலி தனக்குத்தான் என்று நம்பியிருந்தார். மனைவி அதை அக்கம்பக்கத்தில் சொல்லியும் விட்டாள்.

"மேஜை அதிருதோ என்னவோ" என்று பெட்டியை அலமாரியில் வைத்தார். முதலாளி அங்கேயும் போய்க் காதை வைத்தார். கீ.

கணக்கர் தன் துண்டை நாலாக மடித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். சூடு போக வழியில்லாமல் பெட்டி கொதித்து அணைந்தது. பாதி போட்ட பில் எல்லாம் போன இடம் தெரியவில்லை. வாசலில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தக்காளி லோடு சார். அழுகறதுக்குள்ள அனுப்பிடுவீங்களா?"

கணக்கருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புக்கிங் பார்க்கும் பெண்ணிடம் போனார்.

"உன் பெட்டியைக் கொஞ்சம் குடும்மா."

"இது நல்லா ஓடுதுண்ணே. இதையும் கெடுத்துடாதீங்க."

கெஞ்சி வாங்கி வந்து மாட்டினார். முதலாளி குனிந்தார். கீ.

"நல்லா இருந்த பெட்டிண்ணே" என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக.

"உங்க கை பட்டாலே போதும்போல" என்றார் முதலாளி.

கரண்டில்தான் கோளாறு என்று தோன்றியது கணக்கருக்கு. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பொழுது சாய்ந்திருந்த நேரம்; விளக்கு, மின்விசிறி, எல்லாத் திரையும் ஒன்றாக அணைந்தன. ஒவ்வொரு பெட்டியாக ஒயரைப் பிடுங்கி, காதில் வைத்துப் பார்த்தார். எதிலும் சத்தமில்லை. காலையிலிருந்து முதல்முறையாக ஒழுங்காக மூச்சு விட்டார்.

"இப்பப் பாருங்க சார்."

இருட்டில் முதலாளி தட்டுத்தடுமாறி வந்து, ஒயரே இல்லாத ஒரு பெட்டியிடம் குனிந்தார்.

கீ.

கணக்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உயிரில்லாத பெட்டிகூடத் தன்னைப் பார்த்து விசிலடிக்கிறது என்றால், இனி யாரிடம் போய் முறையிடுவது? வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

"எனக்கு இந்த வேலை ஒத்து வராது சார். நாளையிலருந்து வரலை."

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் முதலாளி.

கணக்கர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. வாசலில், கணவரை அழைத்துப் போக வந்திருந்த முதலாளியின் மனைவி விசில் சத்தம் கேட்டு இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, காது கேக்கற மிஷினை எதுக்காவது பக்கத்துல கொண்டுபோனா விசிலடிக்கும்னு டாக்டர் நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, மறந்துட்டீங்களா?"