அப்பனை உரித்துவைத்த குஞ்சுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு ஒப்பவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் அந்த வீட்டம்மா அவளுக்குப் பாசமாக ஒரு வாய் கேக் ஊட்டிவிட்டார். இவளுக்கு முட்டை ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், "கேக்குல முட்டை எங்கம்மா தெரியுது?" என்கிறார். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, பிழைத்தாள். அதிலிருந்து யார் அவளைக் கொஞ்சினாலும் ஓடிப்போய் அவள் வாயைத் திறந்து பார்க்கிறேன்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டால் "கோழிதான்" என்று மழுப்புவேன் இல்லையா, அந்த வேலையே இவளுக்கு ஒத்துக்கொள்கிற முட்டைக்காகத்தான். கருப்புக் கோழியின் கருவிலிருந்து, பின்னால் விந்தாக மாறப்போகும் செல்களை எடுத்து, ஒவ்வாமை தரும் புரதத்தின் மரபணுவை முடக்கி, வெள்ளைக் கோழியின் முட்டையில் சின்ன ஜன்னல் திறந்து ஊசியால் உள்ளே விட்டோம். அதில் பிறந்த சேவல் வெள்ளைதான், செல்லப்பெயர் மாப்பிள்ளை. கருப்புக் கோழிகளோடு அதைச் சேர்த்துவிட்டு, குஞ்சு கருப்பாக வந்தால் எங்கள் செல் பலித்தது. வெள்ளைக் கோழிக் குஞ்சுகளைப் போல மஞ்சளாக வந்தால் அது சேவலின் சொந்தச் சரக்கு, எங்கள் உழைப்பு பாழ்.

இன்று பொரித்தது. தட்டு முழுக்க மஞ்சள். கோழிகளைப் பார்த்துக்கொள்பவர் புதுசு, விவரம் தெரியாது. "ஒண்ணுகூட ஆத்தாளைக் கொள்ளல மேடம், எல்லாம் அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்றார் பெருமையாக. நான் அங்கேயே அழுதுவிட்டேன். "ஏன் மேடம், நல்லாத்தானே இருக்கு" என்று அவர் தேற்ற, இன்னும் அழுதேன். வீட்டில் இவரோ, "விடு, முட்டை சாப்பிடாம எத்தனை பேர் இல்ல" என்று திரும்பிப் படுத்துவிட்டார். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இனி பாப்பாவை நானே வீட்டில் வைத்துக் காவல் காக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம். எதைத் தின்றாலும் செரிக்கிற உன் பிள்ளைகளுக்கு என் முத்தம், என் கண்ணே பட்டுவிடாமல் இருக்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: மடிக்கும்போது கோழிக்காரரிடமிருந்து செய்தி. "நீங்க அழுதது மனசு கேக்கல மேடம், திரும்பப் போய்ப் பார்த்தேன். கூண்டு கழுவுனப்போ மாப்பிள்ளையையும் பக்கத்துக் கூண்டு வெள்ளைச் சேவலையும் மாத்தி விட்டுட்டேன் போல. கருப்புக் கோழிங்களோட இருந்ததோட கால் வளையம் மாப்பிள்ளையோடது இல்ல. மாப்பிள்ளை இன்னும் பிரம்மச்சாரியா பக்கத்துக் கூண்டுலதான் இருக்கான்." ஆக, யார் பெற்ற குஞ்சுக்கோ அழுதிருக்கிறேன். மூன்று முறை வேலையை விட்டு, மூன்று முறையும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தவள் நீ. என்ன சொல்லித் திரும்பக் கேட்டாய்? சீக்கிரம் பதில் போடு.