ஜூரி அறைக்குள் ஒரு நாற்காலி

“என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார், ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த அரசுத் தரப்பு வக்கீல்.

“அரசாங்க உத்தியோகம். நிறையப் படிக்கணும்” என்றார் ஆல்வின் டஸெக்.

கோர்ட்டே சிரித்தது. அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி அவர். வெளியே நடையில் அவர் படமே மாட்டியிருந்தது.

வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஊர்க்காரர் குழுதான் ஜூரி. அதில் உட்காரச் சொல்லி அழைப்பு வந்தால் ஊரில் எல்லாரும் முதுகுவலி, அறுவடை என்று சாக்குத் தேடுவார்கள். டஸெக் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆயுசெல்லாம் கோர்ட்டில் கழித்தவருக்கு ஜூரி அறை மட்டும் வாய்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்னதான் பேசுகிறார்கள்? சாவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

வழக்கு என்னவோ, புல்வெட்டும் வண்டியால் பக்கத்து வீட்டு வேலியைச் சாய்த்தவன்மேல்.

“நம்ம ஜட்ஜம்மா சொல்றது தப்புன்னு பட்டா?” என்றார் வக்கீல்.

“வாயே திறக்க மாட்டேன்.”

நீதிபதி மார்னா வெல்ஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “திறந்திருக்கீங்களே! என் தீர்ப்பை மூணு தடவை ரத்து பண்ணீங்க.”

“ரெண்டு தடவைதாம்மா. மூணாவதுல பாதியை விட்டுவெச்சேன்.”

மறுபடியும் சிரிப்பு. டஸெக்குக்கு வியர்த்தது. “சட்டத்தையெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சுட்டேன். உள்ள நான் சும்மா ஒரு ஆளு. மத்தவங்களுக்குச் சந்தேகம் வந்தா மட்டும் விளக்குவேன்.”

“விளக்குவாராமே!” எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “எங்களுக்கு இவர் வேண்டாம்.”

“எங்களுக்கும்தான்” என்றது அரசுத் தரப்பு. அன்று இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“அப்பீல் உண்டாம்மா?”

“தாராளமா. ஆனா அங்க எல்லாரும் உங்க ஆளுங்க. கிளம்புங்க.”

நடையில் தன் படத்துக்குக் கீழேயே போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்.

“உன்னையும் கழிச்சுட்டாங்களா தம்பி?” என்றார் பக்கத்தில் இருந்த டோரிஸ் அம்மாள். வேலி சாய்த்தவன் அவருக்கு அக்கா பேரன். அதனால் அவருக்கும் உள்ளே இடமில்லை.

“இந்தக் கோர்ட்லதாம்மா என் முதல் கேசு. கன்னுக்குட்டி திருடினதா ஒருத்தன். நான் பேசி முடிச்சேன், காபி ஆறுறதுக்குள்ள ஜூரி வெளிய வந்து விடுதலைன்னுட்டாங்க. அதுலதான் பேரு வந்தது. அப்புறம் ஜட்ஜு, அப்புறம் இந்தப் படம். உள்ள என்ன பேசியிருப்பாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.”

“அந்த ஜூரில நான் இருந்தேனே!”

டஸெக் எழுந்தே நின்றுவிட்டார். “சொல்லுங்கம்மா! என் எந்த வாதம் உங்களை அசைச்சுது?”

டோரிஸ் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“திருடினது அவன்தான்னு எங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஆனா தோத்தா நீ அங்கயே அழுதுடுவ போல இருந்த.”