ஹெட்போன் பின் பிடுங்கு படலம்

வாழ்க நான்காம் மாடி நாயகர்! வாழ்க, நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்பின் நடுவே நின்றொளிரும் நன்விளக்கு! ஓராண்டு முழுவதும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராய் வீற்றிருந்து, மோட்டார் அறையின் மூடுபுழுக்கத்தில் வெந்து, இடைமாடி இருளில் லிஃப்டினுள் இருமுறை சிறைப்பட்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்காக வரிந்துகட்டிய வம்பர்களின் வசைமழையில் குடையின்றி நனைந்து, அத்தனைக்கும் பின்னும் தலையில் பாதி முடியைக் காப்பாற்றிக்கொண்ட பெருந்தகை! கட்டடங்களுக்குக் குழாய் செல்லும் வழியை வரைபடமாய் வரைந்து கொடுக்கும் தொழிலினர். எந்த நீர் எந்த வளைவில் திரும்பும் என்று அறிந்தவர். தம் தலையெழுத்து எந்த வளைவில் திரும்பும் என்று மட்டும் அறியாதவர். அவர் ஒரு மாலைப்பொழுதில் அரையங்குல உலோகத் துண்டோடு ஆற்றிய அருஞ்சமரை இங்கே உரைக்கப் புகுகிறோம். செவியுள்ளோர் கேட்க, ஒலி எட்டாதோர் தத்தம் ஸ்பீக்கரைச் சரிபார்க்க.

சமரின் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் குடியிருப்பில் செயலாளர் பதவியை விரும்பி ஏற்றவர் எவரும் இதுவரை பிறக்கவில்லை. ஆகவே ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் வீட்டு எண் வரிசைப்படி ஒவ்வொருவர் பெயரையும் மும்முறை அழைப்பார். அழைக்கப்பட்டவர் வாய்திறந்து 'முடியாது' என்றால் தப்பினார். மூன்றாம் அழைப்புக்கும் பேசாதிருந்தால் அதையே இசைவாகக் கொண்டு கைதட்டிவிடுவார்கள். அவரே அடுத்த செயலாளர். சென்ற ஆண்டு நம் நாயகர் பெயர் ஒலித்த மூன்று முறையும் அவர் வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. ஒரு மிடறு தண்ணீருக்கு ஓராண்டுத் தண்டனை!

பதவியில் அமர்ந்தவர் சும்மா இருந்தாரா? தாம் விழுந்த குழியை இனி எவரும் தாண்டிவிடக் கூடாதென்று சங்க விதிகளில் திருத்தங்கள் கொண்டுவந்தார். கடிதத்திலோ குறுஞ்செய்தியிலோ மறுத்தால் செல்லாது. இருவர் பெயரில் உள்ள வீடாயின் இருவரையும் தனித்தனியே அழைக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் மறுத்தாலும் செல்லாது. "எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டேன், இனி ஒரு பய தப்ப முடியாது!" என்று அன்று அவர் மார்தட்டியபோது நோட்டீஸ் பலகையின் ஆணி கழன்று விழுந்தது. அதைக்கூட அவரேதான் மறுபடி அடித்தார்.

அவருடைய மனைவியார் பல் மருத்துவர். காலை முதல் மாலை வரை ஊரையே "வாயைத் திறங்க, இன்னும் பெருசா" என்று ஆணையிட்டு ஆளும் பெருமாட்டி. கணவரை ஓராண்டாய் வீட்டில் காண்பதே அரிதாகி, கண்ட நேரத்திலும் அவர் வாயில் வால்வும் தொட்டியும் தவிர வேறு பேச்சில்லாமை கண்டு, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்புரைத்தார்.

"இந்தத் தடவை வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லிடுங்க. மறுபடியும் இந்த வீட்டுக்குள்ள செக்ரட்டரி வேலை வந்துச்சு, பாயைச் சுருட்டிக்கிட்டு அந்த மோட்டார் ரூமிலேயே போய்ப் படுத்துக்கோங்க."

நாயகர் நகைத்தார். ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல என்ன படைபலம் வேண்டும்? ஆனாலும் கதவு சாத்திய பிறகு மனசு கேட்கவில்லை. மனைவியோடு உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தார். இன்று மறுத்தே தீருவேன் என்று சூளுரைத்து, துவைத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சங்க மண்டபத்தின் கூரை ஒழுகியதால் கூட்டம் கணினி வழியே மாலை ஆறு மணிக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு நம் வீரர் ஹெட்போனை மகுடமென அணிந்து, அதன் பின்னை மடிக்கணினியின் விலாத்துளையில் செருகி, ஒத்திகை தொடங்கினார். தாழ்ந்த குரலில் ஒரு 'முடியாது'. பணிவாய் ஒரு 'முடியாதுங்க'. மூன்றாவதாக, ஓராண்டுக் கொதிப்பையெல்லாம் ஒருசேரத் திரட்டி, "முடியவே முடியாது!" என்று முழங்கி, நாற்காலியைப் பின்னே உதைத்து, நெடுமரமாய் எழுந்தார். ஐயகோ! உருண்ட நாற்காலியின் சக்கரம் ஒயரின்மேல் ஏறி நின்றுகொண்டது. தலை மேலே போயிற்று. ஒயர் வரமாட்டேன் என்றது. 'டக்'கென்று ஒரே ஓசை. பின்னில் பாதி ஒயரோடு வந்தது. மறுபாதி வாடகை ஒப்பந்தம் ஏதுமின்றித் துளைக்குள் குடியேறிவிட்டது.

துண்டோ சிறிது, அது செய்த சூழ்ச்சியோ பெரிது. துளைக்குள் ஏதோ இருக்கிற காரணத்தால் ஹெட்போன் இன்னும் மாட்டியிருப்பதாகவே மடிக்கணினி நம்பியது. அதன் ஸ்பீக்கர் பேச மறுத்தது. மைக் கேட்க மறுத்தது. அணைத்துப் போட்டார், அதட்டினார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கைபேசி இருக்குமே என்பீர். அது சென்ற வாரம் தொட்டியில் நீர்மட்டம் பார்க்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து குதித்து மூழ்கி, இப்போது பழுதுபார்க்கும் கடையில் கிடையாய்க் கிடந்தது. அண்டை அயலில் கேட்கலாமே என்பீர். கேட்டார்! பட்டியலில் அவருக்கு அடுத்த வீட்டு எண்ணுக்குரியவராகிய எதிர்வீட்டு வங்கிக்காரர், கதவை நாலு விரற்கடை திறந்து, உலகத் துயரமெல்லாம் முகத்தில் தேக்கி, "அடடா, இப்பத்தான் சார் சார்ஜ் தீர்ந்துச்சு" என்று சொல்லி மூடிக்கொண்டார். உள்ளே அவருடைய போன் மணியடித்தது.

மணி ஆறு. முகங்கள் நிறைந்த கட்டங்கள் திரையெங்கும் விரிந்தன. தபால் துறையில் ஓய்வுபெற்ற சங்கத் தலைவர், வெளியூரில் மகள் வீட்டிலிருந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பட்டியலைக் கையிலெடுத்தார். பெயருக்கொரு முறை அவர் விரல் உயர்ந்தது. கட்டத்துக்கொரு வாய் திறந்து மூடிற்று. கணவனும் மனைவியுமாய் ஒரே கட்டத்தில் தோளுரச அமர்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய் வாயசைத்துத் தப்பினார்கள். நாயகர் அதையெல்லாம் எங்கே பார்த்தார்? அவர் கண் முழுவதும் அந்தத் துளையில் இருந்தது.

முதற்படையாக மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கி புறப்பட்டது. பளபளக்கும் இருமுனையும் கொண்டு அது துளைவாயில் மோதியது, வழுக்கியது, மீண்டும் மோதியது. மோதிய வேகத்தில் பகைவனை இன்னும் ஒரு நெல்லளவு உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பியது. முதல் மாடியார் அனைவரும் தப்பினர்.

இரண்டாம் படையாக, பல்குத்தும் குச்சியின் நுனியில் உடனொட்டிப் பசை ஒரு துளி ஏந்தி, மூச்சடக்கி, துளைக்குள் இறக்கி, நூறு வரை எண்ணினார். தொண்ணூறில் தும்மல் வந்தது. எண்ணி முடித்து இழுத்தபோது குச்சி இலகுவாக வந்தது, ஆனால் பகைவனைவிட்டு. ஒட்டியிருந்தது நாயகரின் கட்டைவிரலோடு. உதறினார், ஊதினார், கடித்துப் பார்த்தார். ஊஹூம்! விரலில் முளைத்த ஆறாம் விரலாய் அது விறைத்து நின்றது. இரண்டாம் மாடியும் தப்பியது. மூன்றாம் மாடியும் பாதி கரையேறிவிட்டது. தலைவரின் விரல் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குளியலறை அலமாரியில், சீப்பின் அழுக்கெடுக்கவென ஒதுக்கப்பட்டு, பெருமையிழந்து கிடந்த ஒரு கொக்கிக் கம்பி அவர் நினைவில் மின்னியது. மனைவியின் கிளினிக்கில் ஆயிரம் கடைவாய்களின் ஆழம் கண்டு ஓய்ந்த கருவி! பாய்ந்தார், எடுத்தார், அடுப்பைப் பற்றவைத்து அதன் முனையைச் செந்தழலில் காய்ச்சினார், ஓடிவந்து, முறிந்த பின்னின் நடுவே தெரிந்த பிளாஸ்டிக்கில் 'சுர்'ரென இறக்கினார். புகை எழுந்தது. ஆறட்டும் என்று காத்திருந்த அந்த அரை நிமிடம் அவர் வாழ்நாளில் பாதியாய் நீண்டது. நிமிர்ந்து பார்த்தார். நாலாவது மாடி! தலைவரின் வாயசைவில் தம் பெயர்! ஒரு விரல் உயர்ந்தது. கம்பியைப் பற்றினார்; வரவில்லை. இரண்டாம் விரல் உயர்ந்தது. கண்ணை இறுக மூடி, மோட்டார் அறையை ஒருகணம் மனத்தில் நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து ஓர் இழு இழுத்தார்.

வந்தது! வேரோடு வந்தது! அடைபட்ட வெள்ளம் மடை திறந்தாற்போல் ஸ்பீக்கரிலிருந்து ஒலி பாய்ந்தது. "மூணாவது தடவையா..." என்று தலைவர் தொடங்கும்போதே, ஒத்திகை பார்த்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நாயகரின் வாயிலிருந்து வெளிப்பட்டன.

"முடியாது! முடியாதுங்க! முடியவே முடியாது!"

திரையிலிருந்த அத்தனை முகமும் இருண்டது. எதிர்வீட்டு வங்கிக்காரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். வென்ற வேந்தரோ, கொக்கிமுனையில் குத்திய பின்துண்டை வெற்றிக்கொடியாய் உயர்த்தி, கட்டைவிரற்குச்சி நடனமிட, அறையை இருமுறை வலம்வந்தார். கண்ணில் நீர் துளிர்த்தது. இன்று சூடாகச் சாப்பிடலாம் என்ற எண்ணமே அவருக்கு இனித்தது. போர்க்களைப்புத் தீர, சொம்பை எடுத்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

"அதே வீடு, ரெண்டாவது பேரு," என்றார் தலைவர். "டாக்டரம்மா இருக்காங்களா? ஒண்ணு..."

தண்ணீர் தொண்டையில் நின்றது.

"ரெண்டு..."

புரையேறி, இருமி, மேசையெங்கும் மாரி பொழிந்து, "அவங்க கிளினிக்ல இருக்காங்க! அவங்களுக்கும் முடியாது! நான் சொல்றேன்ல!" என்று அலறினார் நாயகர்.

"அவங்க வாயால அவங்கதான் சார் சொல்லணும். நீங்க போட்ட விதிதானே அது?" என்று தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மூன்றாம் விரலை மெதுவாக உயர்த்தினார். குற்றம் குறையின்றிக் குணமான ஸ்பீக்கர், நாற்பத்தேழு வீட்டுக் கைதட்டலையும் ஒரு கை குறையாமல் கேட்கவைத்தது. ஊர்வாயையெல்லாம் திறக்கவைத்த பெருமாட்டி, எங்கோ ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நொடியில், தாம் வாய் திறவாமையாலேயே அரியணை ஏறினார்.

எட்டு மணிக்கு அழைப்பு மணி ஒலித்தது. கைப்பையை இறக்கி வைத்தபடியே, "லிஃப்ட்ல வந்தவங்க எல்லாம் எதுக்குங்க எனக்கு வாழ்த்து சொல்றாங்க?" என்று கேட்டார் மனைவியார். இடுக்கியால் மோதி, பசையால் பொருது, தீக்கொக்கியால் வென்று, ஒரே மூச்சில் மும்மறுப்பு முழங்கிய அந்த மாவீரர் வாயைத் திறந்தார், மூடினார், மீண்டும் திறந்தார்.

பிறகு பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனார்.