பதினேழாம் எண்ணின் கருப்பு

அந்த ஆயுதக் கிடங்கின் பதினேழாம் எண் ரிவால்வர் இருபது வருஷமாக ஒரு குண்டு கூடச் சுட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் அதைத் தோலுறையிலிருந்து உருவி, எண்ணி, துடைத்து, மறுபடி உறைக்குள் செருகுவார்கள். அதில் குழல் நுனியின் கருப்புப் பூச்சு தேய்ந்து, இரும்பு பல்லைக் காட்டியது. தினம் கை படும் சாமான் தேயத்தானே செய்யும் என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். மேலிடம் அப்படிச் சொல்லலாகாது.

கிடங்குக் காவலருக்கு மாற்றல் வந்திருந்தது. மனைவி தபால் பிரிவில் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கே. ஆறு வருஷமாக ஆளுக்கொரு ஊரில் குடித்தனம், பாவம். ஆனால் கிடங்கைப் 'பெற்றுக்கொண்ட நிலையிலேயே' ஒப்படைத்தால்தான் விடுவிப்பார்கள். பெற்றுக்கொண்டபோது பதினேழாம் எண் முழுக் கருப்பு.

"மிச்சக் கருப்பு எங்கே?" என்று கேட்டார் ஆய்வு அதிகாரி.

"தேய்ஞ்சு போச்சுங்க ஐயா."

"போச்சுன்னா எங்கேய்யா போச்சு? அது அரசாங்கக் கருப்பு."

அதிகாரி தலைமையில் மூவர் குழு அமைந்தது. வாராவாரம் வந்து, மூவரும் ரிவால்வரை வாங்கித் தடவினார்கள், நகத்தால் சுரண்டினார்கள், உறையில் போட்டுப் போட்டு எடுத்தார்கள். வாராவாரம் தேய்மானம் கூடியது. 'ஆய்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மர்ம நபர்கள் கையாண்டு வருவதாகக் கருத இடமுண்டு' என்று குழு எழுதியது. இடைப்பட்ட காலத்தில் ரிவால்வர் குழுவே பூட்டி வைத்த பெட்டிக்குள் இருந்தது. சாவி குழுவிடம் இருந்தது.

போனில் மனைவி பொரிந்து தள்ளினாள். "ஒரு தேய்மானத்துக்கா மனுஷனைப் பிடிச்சு வெப்பாங்க? ஈவு இரக்கம் இல்லாத ஜென்மங்க. இந்த ஃபைல் என் சீட்டுக்கு வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேன்."

காவலருக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாம் வாரம், துடைத்துத் தருகிற சாக்கில், துணியில் பூட்ஸ் பாலிஷை அப்பிக்கொண்டு ஒரு தேய் தேய்த்துவிட்டுக் குழுவிடம் நீட்டினார்.

"முழுக் கருப்பா இருக்கே. இது அந்தத் துப்பாக்கியே இல்லை. மாத்திட்டான்யா" என்றார் அதிகாரி.

எண் சரியாக இருந்தது. எண்ணையும் சந்தேகித்தார்கள். மூவரும் மாறி மாறித் தேய்த்ததில் பழைய இரும்பு பல்லைக் காட்ட, எல்லோருக்கும் நிம்மதி.

"அதேதான். சரி, இப்ப இருந்த கருப்பு எங்கே போச்சு?" என்று மூக்கைச் சொறிந்தார் அதிகாரி.

மூவரும் கையை விரித்துப் பார்த்தார்கள். ஆறு உள்ளங்கைகளும் ஒரு மூக்கும் கரேலென்று இருந்தன.

அரை மணியில் 'தேய்மானம் இயற்கையானதே' என்று கோப்பு மூடப்பட்டது. அதிகாரி கை கழுவவும் நேரமில்லாமல் விடுவிப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பெட்டியும் கையுமாகக் காவலர் மனைவியின் மேஜைக்கு எதிரே நின்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றபடி, பதிவேட்டில் ஏற்றுவதற்காக உத்தரவை வாங்கிப் பிரித்தாள். அதன் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்பு.

"இது என்னங்க கறை?"

"அந்த அதிகாரியோட கை பட்டதும்மா. உனக்குத்தான் கதை பூரா தெரியுமே."

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியணுமே." அவள் தன் விரலில் ஒட்டியதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கருப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு அவங்ககிட்ட ஒரு விளக்கம் எழுதி வாங்கிட்டு வந்துடுங்க."