ஊசி போடாத டாக்டர் உப்பு பார்த்த காலை

பேகம்பூருக்கு எத்தனையோ டாக்டர்கள் வந்து போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் ஊசி போடாமல், ஒரு மாத்திரைகூட எழுதித் தராமல் தெரு முழுவதையும் நடுங்க வைத்தவர் ‘ஊசி போடாத டாக்டர்’ ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மாடி வீட்டை வாடகைக்கு விட்ட எனக்கே இல்லை.

ஒட்டன்சத்திரத்துப் பெண். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சிப் பயிற்சி என்று ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னுமா முடியல?” என்று கேட்டேன்.

“இனிமேத்தானுங்க பாய் ஆரம்பமே.”

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நான் மூன்றாம் வகுப்போடு மொத்தப் படிப்பையும் முடித்தவன். உப்புத்தோல் சுமந்து, சொந்தமாகத் தோல் மண்டி வைத்து, மாடி மேல் மாடி கட்டியவன். எதையும் இவ்வளவு நாள் இழுத்ததில்லை.

வந்த மறுநாளே கறிக்கடை சுல்தான் முழங்காலைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். எப்போதிருந்து வலி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று டாக்டர் குடைந்தெடுத்தார். கடைசியில் கும்பிடு போட்டு, “ரொம்ப நன்றிங்க” என்றார். சுல்தான் எழுந்திருக்கவில்லை.

“மாத்திரை?”

“நான் அந்த டாக்டர் இல்லீங்க.”

“பின்ன எந்த டாக்டரு?”

“மத்த தெருவுக்கெல்லாம் போற வைத்தியம் இந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் வந்து சேரலைன்னு பாக்கற டாக்டருங்க.”

“அதுக்கு என் முழங்காலு என்னம்மா பண்ணுச்சு?” என்று நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார் சுல்தான்.

டாக்டருக்கு வந்த சோதனை வேறு. எங்கள் தெருப் பெண்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் பயிற்சியை அத்தோடு நிறுத்திவிடுவதாக அவருடைய பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார். டாக்டர் வீடு வீடாகப் போனார். எல்லாப் பெண்களும் டீ கொடுத்து, “வாரோம் டாக்டரு” என்றார்கள். காலையில் ரத்தம் எடுக்கும் இடத்துக்கு ஒருத்தியும் போகவில்லை. கூச்சம் என்றார் பேராசிரியர். ஊசிப் பயம் என்றேன் நான். நான் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

டாக்டர் இரண்டையும் நம்பவில்லை. “நாளைக்குக் காலைல ஒரு நேரத்துக்கு நாந்தான் உங்க மருமக. அவங்க வேலையெல்லாம் முடிச்சுட்டு, வெறும் வயித்தோட போய் நானே ரத்தம் குடுத்துப் பாக்கறேனுங்க” என்றார். நிஜ மருமகள் சபீனா, “தாராளமா!” என்று கரண்டியை அப்போதே கையில் கொடுத்துவிட்டாள்.

விடியற்காலைத் தொழுகைக்கு, பஜ்ருக்குப் பாங்கு சொன்னதும் டாக்டர் அடுப்படிக்குள் நுழைந்தார். பிள்ளைகளுக்கு இட்லி, பள்ளிக்கூடத்துக்குச் சோறு, மண்டி ஆட்களுக்குக் குழம்பு. முதல் தட்டு எனக்கு வந்தது. சட்னியில் உப்பே இல்லை. சொன்னேன். அள்ளிப் போட்டார். இப்போது உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. வாழ்நாளெல்லாம் உப்புத்தோலோடு புழங்கிய எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஏத்தா, உப்புக்கூடப் பாக்காமயா வெஞ்சனம் வைப்ப?” என்று என் வீட்டுக்காரி ஒரு அதட்டல் போட்டாள். டாக்டர் பதறிப்போய்க் குழம்பைக் கையில் ஊற்றி நக்கிவிட்டார். நக்கியவர் அப்படியே நின்றார்.

“போச்சு. வெறும் வயிறு போச்சுங்க.”

“தெனமும் இப்படித்தான் டாக்டரு போகுது. உப்பு பாக்காம இறக்கினா இவுக விடுவாகளா?” என்றாள் சபீனா, என் பக்கம் பாராமல்.

இருந்தும் டாக்டர் மிச்ச வேலையை முடித்துவிட்டு ஓடினார். ரத்தம் எடுக்கும் இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்களாம். பரிசு வாங்கியவர் மாதிரித் திரும்பி வந்தார். “கூச்சமும் இல்ல, பயமும் இல்லீங்க பாய். உப்பு!”

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க என் யோசனை. ஒரு நாள் காலையில் தெரு ஆண்களே சமைப்பது, ரத்தம் எடுப்பவர்கள் என் மண்டிக்கே வருவது. யோசனை தன்னுடையது என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும். கல்யாணத்துக்குத் தேக்சா தேக்சாவாகப் பிரியாணி இறக்கும் ஆண்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு தரம் உப்பு பார்த்ததில் உப்புமா பாதியாகிவிட்டது. ஆனால் பெண்கள் வந்தார்கள். சுல்தான் சம்சாரம் தாடிக்கொம்புக்குப் போயிருந்தது; அதுகூட முந்தின நாள் ராத்திரியே திரும்பிவிட்டது.

என் வீட்டுக்காரி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “காலைல செத்த நேரம் உக்காந்தா இம்புட்டு நல்லாவா இருக்கும்?” என்றாள். அவளுக்குச் சர்க்கரை அம்புட்டு இருந்தது. கால் போவதற்கு முன்பே கண்டுபிடித்தோமே என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

டாக்டருக்குப் பயிற்சி நீண்டது. முடிந்ததும் வேறு ஊர், வேறு தெரு என்று போய்விட்டார்.

இப்போது என் வீட்டுக்காரி ரத்தம் கொடுக்கும் நாட்களில் உப்பு பார்ப்பது நான்தான். கொஞ்சம் தூக்கல் என்கிறார்கள். எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. மாடி வீட்டுக்கு நிறையப் பேர் வந்து கேட்கிறார்கள். இன்னும் யாருக்கும் விடவில்லை. ஏன் என்று விடாமல் குடையக்கூடிய ஒரே ஆளும் இப்போது ஊரில் இல்லை.