தவிட்டுப் புழு

"தூண்டில எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கன்னு எம்புட்டுத் தடவ..."

"எதக் கோத்துப் போட? என் சுண்டுவிரலையா? பானையில புழுவே..."

"நேத்து இருந்துச்சுல்ல!"

"இருந்துச்சு. பெருச எல்லாம் எறும்பு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் வெறும் பொடிசு!"

கட்டிலில் படுத்தபடியே ஆரோக்கியம்மாள் கண்ணை உருட்டினாள். அருளப்பன் பானையை எட்டப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். கொடைரோடு ஸ்டேஷனில் கரி எஞ்சினுக்கு முன்னால் கொடி பிடித்து நின்றவர்தான். புழுவுக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

அவளுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் பார்த்த டாக்டர், "இனி அவங்க வாய்க்குக் கேட்டதைக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். வாய் கேட்டது குளத்து மீன். கடை மீன் ஆகாது. அவர் கையால் பிடித்ததுதான் தொண்டையில் இறங்குமாம். கோடையில் மண் காய்ந்து மண்புழு கிடைக்கவில்லை. பேகம்பூரில் அடுத்த வீட்டுக்காரி குர்ஷித் பேகம்தான், புருஷனின் மாவு மில்லில் மக்கிய மூட்டையிலிருந்து தவிட்டுப் புழு ஒரு பிடி கொண்டுவந்து, பானையில் தவிடு போட்டு வளர்க்கச் சொன்னாள். அவர் குளத்துக்குப் போகும்போது ஆரோக்கியத்துக்குத் துணையிருப்பவளும் அவளே. இன்று பிடித்ததைக் குழம்பு வைத்து, நாளை அவர் போன பிறகு ஊட்டுவாள். பழைய மீன்குழம்புக்குத்தானே ருசி!

"தாம்பாளத்துல தண்ணி ஊத்தி, நடுவுல பானைய வைங்க. எறும்பு எப்படி ஏறும்?" என்றாள் ஆரோக்கியம்.

வைத்தார். மண்பானை தண்ணீரைக் குடித்தது. தவிடு ஊறிப் புளித்து நாறியது.

"வெயில்ல காயப்போடுங்க!"

முறத்தில் கொட்டி முற்றத்தில் வைத்துவிட்டுச் செத்த நேரம் கண்ணசந்தார். பேகத்தின் கோழிகள் விருந்துண்டு, மரியாதைக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தன.

மிச்சத்தைச் சலித்தால் கறுப்புக் கறுப்பாய் வண்டுகள். "களவாணிப் பயலுகளா! என் புழுவத் திங்கிறது நீங்கதானா?" ஒன்று விடாமல் பொறுக்கிக் கோழிகளுக்கே எறிந்தார். உள்ளே வந்து பெருமையாகவும் சொன்னார்.

ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்த வண்டுதான் தாயி! அது இடுற முட்டைதான் புழுவாகுது. பெத்தவள எறிஞ்சுபுட்டுப் புள்ளையத் தேடுறீகளே!"

அன்று அவர் குளத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கட்டிலை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து விசிறினார்.

"வலிக்குதா?"

"ம்ஹும். நீங்க போயி வாய்க்கா ஓரமாச்சும் தோண்டிப் பாருங்க."

"வாய்க்காலும் காஞ்சு கெடக்கு."

"அப்பச் சும்மாவாச்சும் போயிட்டு வாங்களேன்!"

உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மீன் இல்லாத கோபம் என்று எண்ணிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் குர்ஷித் பேகம் வாசலில் மூச்சிரைக்க நின்றாள். கையில் கொட்டாங்கச்சி. அதில் நெளிநெளியென்று புழு.

"மில்லு பூராம் தேடிப் பொறுக்கியாந்தேண்ணே. கெளம்புங்க."

"வேணாம் தங்கச்சி. புழுவும் வேணாம், மீனும் வேணாம்." அருளப்பன் முகத்தில் அப்படியொரு தெளிவு. "கல்யாணமான நாள்லருந்து ரயிலு ரயிலுன்னு அவளத் தனியா விட்டுட்டேன். இனி ராவும் பகலும் அவ பக்கத்தவிட்டு நகர மாட்டேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பேகம் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அம்புட்டு மீனையும் தின்னது எம் புள்ளைகதாண்ணே. நீங்க இருந்தா வலிக்கு வாய்விட்டு அழ முடியலைன்னுதான் அக்கா உங்களக் குளத்துக்கு அனுப்புது."