நத்தைக் கண்டக்டரின் மறுபாதி

விழுப்புரம் மாவட்டத்தில் எவர் கிணறு வெட்டினாலும், முதல் ஊற்றைப் பார்ப்பதற்கு முன்னால் நத்தைக் கண்டக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கிணற்றுக்காரர் பூஜை போட்டு, கடப்பாரை இறக்கி, மண்ணை மேலே கொட்டத் தொடங்கியதும் ரோட்டில் ஒரு டவுன் பஸ் வந்து நிற்கும். விசிலை வாயில் வைத்தபடியே ஒருவர் குதித்து இறங்குவார். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கழுத்தில் குருசு. மண் குவியலில் முழங்கால் போட்டு உட்கார்ந்து துழாவ ஆரம்பித்துவிடுவார். பஸ் நிறைய ஜனம் வியர்த்து வழிந்துகொண்டு காத்திருக்கும். அந்த ஜனத்தில் நானும் ஒருவன்.

விழுப்புரம் தனி மாவட்டமான புதிது. எனக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை, வீடு கண்டமங்கலத்தில். விழுப்புரத்தில் கிளம்பி, கண்டமங்கலத்தில் திரும்பி, வழுதாவூர் பக்கம் போகும் தனியார் பஸ் அது. முதலாளி திண்டிவனத்தில் இருந்தார். அவர் அங்கேயே இருந்ததுதான் நம் கண்டக்டர் வேலையில் நீடித்ததற்கு ஒரே காரணம்.

அந்தப் பக்கத்து மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததாம். சிப்பி, சங்கு, சுருள் ஓடு எல்லாம் கல்லாகி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. கிணறு வெட்டினால் தண்ணீருக்கு முன்னால் அவை வரும். ஒருநாள் பின்சக்கரத்து இரட்டை டயருக்கு நடுவில் ஒரு கல் சிக்கிக்கொண்டது. டிரைவர் பாய் அதைத் தட்டி எடுக்கச் சொன்னார். எடுத்த கண்டக்டர் உடனே பஸ்ஸில் ஏறவில்லை. கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி சுருண்டு, வரிவரியாக ஒரு கல். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

பேர் அன்றே விழுந்துவிட்டது. சொந்தப் பேரை அவர் மனைவி ஜெசிந்தா அக்காவைத் தவிர எவரும் சொல்லிக் கேட்டதில்லை. புதிதாக ஏறுபவர்கள், பஸ் போகும் வேகத்தைப் பார்த்து வைத்த பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் அநியாயம் என்று சொல்ல முடியாது. அவருக்கு அந்தப் பேரில் ஒரே ஒரு வருத்தம்தான்.

"நத்தைன்றது தப்பு சார். இது அம்மோனைட்டு. கணவா மீனுக்குப் பங்காளி."

"கணவாவா?" என்பார் பாய் ஸ்டியரிங்கிலிருந்து. கோட்டக்குப்பத்துக்காரர், சவுதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். "நேத்துதான் எங்க வூட்ல வறுத்தோம். சொல்லியிருந்தா உன் சொந்தக்காரனுக்கு ஒரு துண்டு எடுத்தாந்திருப்பேன்."

அதே பாய் இன்னொரு நாள், சவுதியில் இந்த மாதிரிச் சுருள் கல் ரோட்டோரம் கிடந்ததாகவும், ஒரு நாய்கூடச் சீண்டவில்லை என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். கண்டக்டர் முகம் செத்துப்போனது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கினு வர ஒனக்கு இன்னா பாய் கேடு?" என்று கேட்டவர், அதற்கப்புறம் வெகுநாள் அவரோடு விசிலில் மட்டுமே பேசினார்.

அவர் படித்த விதம் இருக்கிறதே, அதற்கு எந்தக் கல்லூரியிலும் பட்டம் கிடையாது. திண்டிவனத்துப் பழைய பேப்பர் கடையில் அட்டை போன ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பிடித்தார். உள்ளே சுருள் சுருளாகப் படங்கள். இவர் படிப்போ எட்டாவது. ஆகவே பஸ்ஸில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். காலேஜ் பிள்ளைகள் யாராவது உட்கார இடம் கேட்டால், புத்தகத்தை நீட்டுவார்.

"ஒரு வரி படி. தமிழ்ல சொல்லு. அப்பறம் ஒக்காரு."

ஒரு பையன் தெரியாத இடத்திலெல்லாம் சொந்தச் சரக்கைப் போட்டு, இந்தப் பிராணி குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று சொல்லிவிட்டான். கண்டக்டர் அதை நம்பி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறு வாரம் ஒரு பெண் அடுத்த பக்கத்தைப் படித்து, முட்டைதான் என்றாள். பையனை அவர் விழுப்புரம் வரைக்கும் நிற்கவைத்தே கூட்டிப்போனார். இப்படி ஆளுக்கு ஒரு வரியாக, வருஷக்கணக்கில், அந்த பஸ்ஸே ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தது. வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற எங்கள் வழித்தடத்தில், மல்லாட்டை மூட்டையோடு ஏறும் கிழவிக்குக்கூட அம்மோனைட்டைப் பற்றி நாலு விஷயம் தெரியும்.

முக்கியமான விஷயம் இதுதான். அந்தப் பிராணி நடுவில் கடுகளவாகப் பிறக்கும். வளர வளர, வெளிப்பக்கமாகப் புது அறை கட்டிக் குடிபோகும். பழைய அறையை அடைத்துவிடும். சாகும்வரைக்கும் கடைசி அறையில்தான் குடித்தனம். அடைத்த இடமெல்லாம் கீரைத்தழை மாதிரி கோடாகத் தெரியும். படியில் தொங்கும் பையன்களை அவர் இதை வைத்துத்தான் திட்டுவார். "எடம் பத்தலன்னா அது புதுசா ரூம்பு கட்டிக்கினு போவுது. நீ உள்ள காலி எடத்த வெச்சிக்கினு படியில தொங்கற. ஏறு மேல."

இவ்வளவு கல்லிலும் அவர் உயிரை வாங்கியது ஒன்றே ஒன்று. கண்டமங்கலத்தில் ரோட்டை உயர்த்த எங்கிருந்தோ கிணற்று மண் கொண்டுவந்து கொட்டினார்கள். அதில் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்திருக்க வேண்டிய அம்மோனைட்டில் பாதி. வெளிச்சுற்று இருந்தது, கடைசி அறை இருந்தது, வாய் இருந்தது. நடுச்சுருளைக் காணோம். கடப்பாரை பட்டுப் பிளந்த இடம் பளிச்சென்று தெரிந்தது.

அவ்வளவுதான். எந்தக் குவியலைக் கண்டாலும் மறுபாதி, எந்தச் சுவரைக் கண்டாலும் மறுபாதி. துவைக்கிற கல்லைப் புரட்டிப் பார்த்து இரண்டு ஊரில் திட்டு வாங்கினார். பஸ்ஸில் ஏறுகிற ஜனம், வரன் விசாரிப்பது மாதிரி, "இன்னா கண்டக்டரே, எதுனா அமைஞ்சுதா?" என்று தினமும் கேட்கும். ஜெசிந்தா அக்கா ஒருநாள் என்னிடம் பொங்கித் தீர்த்தார்.

"பொண்ணு வளந்து நிக்குது சார். அதுக்கு மாப்ள பாக்க நேரமில்ல, கல்லுக்கு ஜோடி தேடிக்கினு திரியறாரு. வூட்ல கால் வெக்க எடமில்ல. கட்டிலுக்கு அடியில பெருக்கி எத்தினி வருஷம் ஆவுது தெரியுமா?"

பல வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் பாலம் ஒன்று உடைந்து, பஸ் சுற்றுவழியில் போக நேர்ந்தது. ஊர் பேர் வேண்டாம், இப்போதும் அங்கே எனக்குச் சோறு போடுகிறார்கள். ஊர் முனையில் வேப்பமரம். மரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பாவாடை சுற்றி ஒரு நாகாத்தம்மன். சுருண்டு படுத்த பாம்பாகவே இருந்தது. திடீரென்று விசில். பாய் பிரேக் போட்ட வேகத்தில் எல்லாரும் முன்சீட்டை முட்டிக்கொண்டோம்.

நாங்கள் எட்டிப் பார்க்கும்போது கண்டக்டர் அம்மன் முன்னால் முழங்கால் போட்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வெளிச்சுற்று இல்லாத அந்த நடுச்சுருளை விரலால் தொட்டுத் தொட்டு வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "குருசு போட்டவர ஆத்தா கூப்ட்டா பாரு" என்றாள் ஒருத்தி. அத்தோடு எழுந்து வந்திருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். மனிதர் சந்தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"இதோட இன்னொரு பாதி எங்க வூட்லதான் இருக்குது. கட்டிலுக்கு அடியில."

பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தவன் கை நின்றது. பூசை வைக்கும் அஞ்சலையம்மாள் கரண்டியோடு எழுந்து வந்தார். அவர் மாமனார் வெட்டிய கிணற்றில் வந்த அம்மன் அது. கடப்பாரை பட்டு உடைந்ததில் ஒரு பாதி மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது என்பது ஊருக்கே தெரிந்த துக்கம்.

"எங்க ஆத்தாளக் கட்டிலுக்கு அடியிலயா போட்டு வெச்சிருக்க?"

போர் போட்டுத் தண்ணீர் வராதது, மாடு செத்தது, ஒருத்தர் மருமகள் கோபித்துக்கொண்டு போனது எல்லாவற்றுக்கும் அந்த நிமிஷத்தில் காரணம் தெரிந்துவிட்டது. டயருக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்தார்கள். பாய் ஹாரனில் கையை வைத்து, ஜனத்தைப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டார். நான் இறங்கிப் போய்க் கும்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுகிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

விஷயம் திண்டிவனத்துக்குப் போயிற்று. முதலாளி காரில் வந்து இறங்கினார். "ஊரு வம்பு எனக்கு வேணாம்யா. கல்லக் குடு, இல்ல பையக் குடு" என்றார். கண்டக்டர் தோல் பையைக் கழற்றவே போய்விட்டார். பாய்தான் கையைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடந்தது. கண்டக்டர் கேட்டது இரண்டு. ஒன்று, இரண்டு பாதியையும் அவர் கையால் சேர்த்து வைக்க வேண்டும். இன்னொன்று, அதற்கப்புறம் அதன்மேல் எண்ணெய், நெய், மஞ்சள் எதுவும் படக்கூடாது. பட்டால் கோடுகள் மறைந்துபோகும்.

"அபிஷேகம் இல்லாத சாமியா?" என்று சத்தம் கிளம்பியது. அஞ்சலையம்மாள் கையை உயர்த்தி அதை அடக்கினார். பிறகு சொன்னார்.

"பித்தளையில கவசம் அடிச்சு சாத்திடலாம். கவசத்துக்கு அபிஷேகம் பண்ணா ஆத்தா வேணாம்னா சொல்லப் போறா? வருசத்துக்கு ஒரு நாள், திருவிழாவுக்கு மின்னாடி கவசத்தக் கழட்டித் தொடைக்கிற வேலை ஒனக்கு. ஆனா மொதல்ல சேருதான்னு காட்டு. சேந்துட்டா ரெண்டும் இங்கயே இருக்கும், நீ சொன்னபடி நடக்கும். சேரலன்னா பொய் சொல்லி ஆத்தாளத் தொட்டிருக்க. இந்த சுத்துவட்டாரத்துல இனி எந்தக் கெணத்து மண்ணுலயும் நீ கை வெக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பும்போது கேட்டேன். "என்ன பேரம்யா இது? தோத்தா கிணறே கிடையாது. ஜெயிச்சாலும் கல்லு அவங்களுக்குத்தானே போகுது?"

"என்கிட்ட இருக்கறது அதோட வயசான காலம் சார். சின்ன வயசு அங்க இருக்குது. ரெண்டையும் ஒண்ணா பாக்கணும். அப்பறம் அது எந்த வூட்ல இருந்தா இன்னா?"

நாள் குறித்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறிய ஒருவரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நான் அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டிருந்தேன். முன்சீட்டில் ஜெசிந்தா அக்கா கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தன் கல்யாணப் புடவையில் சுற்றியிருந்தார். குழி வந்த இடத்திலெல்லாம் "பாய், மெதுவா" என்றார்.

வேப்பமரத்தடியில் ஊர் திரண்டிருந்தது. கண்டக்டர் தன் பாதியை எடுத்து அம்மனோடு சேர்த்து வைத்தார்.

சேரவில்லை.

நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. திருப்பி வைத்தார். சேரவில்லை. பாய் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் உதடு மட்டும் அசைந்தது. நான் தரையைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"தள்ளுங்க" என்று ஒரு குரல். ஜெசிந்தா அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து, அம்மனை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இத்தினி வருச மஞ்சளும் எண்ணெயும் ஒடைஞ்ச எடத்துல கட்டியா ஏறிக் கெடக்குது. அப்பறம் எப்பிடிச் சேரும்? அஞ்சலக்கா, வூட்ல சீயக்காய் இருக்குதா?"

அஞ்சலையம்மாள் தானும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு சீயக்காயும் வெந்நீரும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பெண்பிள்ளைக்குத் தலை தேய்ப்பது போல அம்மனைத் தேய்த்தார்கள். மஞ்சள் கரைந்தது. கறுப்பு கரைந்தது. அடியிலிருந்து பழுப்பு நிறத்தில், பொடிப்பொடிக் கோடுகளோடு அந்தச் சின்ன வயசு வெளியே வந்தது.

"இப்ப வெய்யுங்க" என்றார் ஜெசிந்தா அக்கா.

வைத்தார். டக்கென்று ஒரு சத்தம். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிகூடத் தெரியவில்லை. இந்தப் பாதியில் பாதியோடு நின்ற கீரைத்தழைக் கோடு, அந்தப் பாதியில் போய் முடிந்தது. பம்பை அடித்ததில் மரத்துக் காக்கை எல்லாம் பறந்தன. பாய் என்னைக் கட்டிக்கொண்டார். மல்லாட்டைக் கிழவி பக்கத்தில் நின்றவளிடம், "நடுவுலதான் பொறந்துது, ஓரத்துல செத்துது" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டருக்குப் பரிவட்டம் கட்டி, முதல் மாலையைப் போட்டார்கள். அவர் அதைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டார். வெட்கத்தில் அக்கா பஸ்ஸுக்குள் ஓடிவிட்டார்.

சொன்னபடியே கவசம் வந்தது. எண்ணெய் நின்றது. கண்டக்டர் ஓய்வுபெற்ற பிறகும், வருஷா வருஷம் கவசம் கழற்றும் நாளுக்குப் போய்விடுகிறார். பின்னாளில் ஒரு கல்லூரி ஆசிரியை தன் மாணவர்களை அழைத்துவந்தார். எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார, பரிவட்டத்தோடு இவர் பாடம் நடத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நானும் ஒவ்வொரு வருஷமும் போகிறேன். "வாங்க சார்" என்று என் விரலைப் பிடித்து நடுச்சுருளில் வைத்து, அறை அறையாக வெளியே நடத்திக் கூட்டிப்போவார். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் எதுவும் தெரியாதவன் போல, "அப்புறம் எங்கே போச்சு?" என்று கேட்பேன். அந்த மனிதர் திரும்பிச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போகிறேன்.